லிஸ்டர் பிரபு

நமது சென்னையின் வடகோடியில், கொசஸ்தலையாறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ளது எண்ணூர். அதற்குத் தெற்கே கடற்கரையை ஒட்டித் திருவொற்றியூரும் ராயபுரமும் இருக்கின்றன. முற்காலத்தில் வலை வீசுவோரும் உப்பு விளைப்போரும் மிகுந்து வாழ்ந்த அக்கரையில், இருபதாம் நூற்றாண்டிலே இயந்திரசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. 2001-ஆம் ஆண்டில் எண்ணூரில் பெருந்துறைமுகமும் திறக்கப்பெற்றது. அவ்வூர்களில் மெய் வருந்த உழைத்து உண்பவர்க்குக் காயம் புதியதொன்றன்று. சிப்பியின் ஓடு பாதத்தைக் கிழிக்கும். இரும்புத் தகடு கையை வெட்டும். பாரவண்டியின் சக்கரம் காலின்மீது ஏறும். ஒருவனது கால் முறியுமாயின், அன்றைத் தினமே ஒரு குடும்பத்தின் அடுப்பும் அணையத் தொடங்குகின்றது.

அவ்வாறு அடிபட்டவனை உற்றார் பெரும்பாலும் எடுத்துச் செல்லுமிடம் ராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரியாகும். 1782-ஆம் ஆண்டின் பஞ்சகாலத்தில், ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பதற்கென ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததாதலின், முதியோர் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்குவர். இயந்திரங்களிற் சிக்கிச் சிதைந்த கைகளைச் சீர்ப்படுத்துவதற்கென்றே தனிப் பிரிவொன்று அங்கே 1970-களில் வளர்ந்தது. எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளிப்பட்ட நிலையில் ஒருவன் இக்காலத்து ஆஸ்பத்திரியொன்றில் வந்து சேருங்கால், வைத்தியர்கள் கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்னரே, கிருமிகளை ஒடுக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்தை அவனது இரத்தக் குழாயிற் செலுத்திவிடுகின்றனர். பின்னர்க் காயத்தைக் கழுவி, எலும்பைப் பொருத்தி, அவனது காலைக் காப்பாற்ற முயல்கின்றனர். பெரும்பாலும் அது கைகூடுகின்றது.

இதனை நாம் இயல்பான காரியமாகவே எண்ணுகின்றோம். ஆனால் 1865-ஆம் ஆண்டுக்கு முன்னர், உலகத்தின் மிகச் சிறந்த ஆஸ்பத்திரிகளிலும் அம்மனிதனுக்கு இருந்த கதி வேறு. அவனது காலை வெட்டியெறிவார்கள். வெட்டிய பின்னும் அவன் பிழைப்பது நிச்சயமன்று. அந்நிலையை மாற்றியவர் ஜோசப் லிஸ்டர் என்னும் ஆங்கிலேய ரண வைத்தியர். காயத்திற் கிருமி வேரூன்றிய பின் போராடுவதினும், அது வேரூன்றாதபடி முன்னரே காவல் வைப்பதே சிறந்தது என்னும் உண்மையை ரண சிகிச்சைக்கு நிலைபெறச் செய்தவர் அவரே. அப்பெரியாரது ஜீவிய சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பிறப்பும் கல்வியும்

லிஸ்டர் 1827-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 5-ஆம் நாள், லண்டனை அடுத்த அப்டன் என்னுமிடத்திற் பிறந்தார். அவருடைய தந்தையார் ஜோசப் ஜாக்ஸன் லிஸ்டர் திராட்சரச வியாபாரி. ஆயினும் அவரது உள்ளம் சாஸ்திர ஆராய்ச்சியிலேயே தோய்ந்திருந்தது. அக்காலத்துப் பூதக்கண்ணாடிகளில் உருவங்கள் வர்ணம் கலந்து மங்கித் தோன்றின. அவர் அக்குறையை ஆராய்ந்து நீக்கும் வழியைக் கண்டு, 1832-ஆம் ஆண்டில் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்களால் விளையும் கேட்டைப் பின்னாளில் மகன் எதிர்க்க, அவற்றைக் காட்டுங் கருவியை முன்னரே தந்தை திருத்திவைத்தது வியக்கத்தக்கதன்றோ!

அக்குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ வகுப்பைச் சேர்ந்தவர்கள். எளிய உடை, அமைந்த பேச்சு, உண்மையிற் பிறழாமை ஆகிய இவற்றை அவ்வகுப்பினர் உயிரெனப் போற்றினர். ஆங்கிலேயத் திருச்சபையைச் சேராதவர்க்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளிற் பட்டம் பெறுதல் அக்காலத்தில் இயலாதிருந்தமையின், லிஸ்டர் சமயபேதம் பாராட்டாத லண்டன் யூனிவர்ஸிடி கலாசாலையிற் சேர்ந்தார். 1847-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். இடையிலே தமையனார் இறந்தார். லிஸ்டருக்கும் வைசூரி கண்டது. அதனால் மனமும் தளர்ந்தது. சிலகாலம் ஓய்ந்திருந்து தேறிய பின், வைத்தியக் கல்வியைத் தொடர்ந்து, 1852-ல் அதனை முடித்தார்.

அடுத்த வருஷம் ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகருக்குச் சென்று, அங்கே பேர்பெற்று விளங்கிய ஜேம்ஸ் ஸைம் என்னும் ரண வைத்தியரிடம் தொழில் பயின்றார். சில வாரங்கள் தங்கும் எண்ணத்துடன் சென்றவர் பல ஆண்டுகள் அந்நாட்டிலேயே தங்கலாயினார். 1856-ல் ஸைமின் புதல்வியாராகிய ஆக்னஸ் அம்மையாரை மணந்தார். வேறு வகுப்பில் மணம் செய்தமையால் குவேக்கர் சங்கத்தை விட்டு நீங்க வேண்டியதாயிற்று. அம்மையார் கணவருக்கு வாழ்க்கைத்துணையாக மட்டுமன்றி ஆராய்ச்சித்துணையாகவும் அமைந்தார். லிஸ்டரது ஆராய்ச்சிக் குறிப்புப் புத்தகங்களிற் பல அவ்வம்மையாரின் கையெழுத்திலேயே உள்ளன. அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை.

அக்காலத்து ஆஸ்பத்திரிகள்

1846-ஆம் ஆண்டில் ஈதர் என்னும் மருந்தும், 1847-ல் குளோரோபாரமும் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தப் பயன்படத் தொடங்கின. கத்தி படும் வேதனை ஒழிந்தது; வைத்தியர்கள் துணிந்து பல சிகிச்சைகளைச் செய்யலாயினர். ஆனால் வேதனை ஒழிந்த அளவிற்கு மரணம் ஒழியவில்லை. சிகிச்சை நன்கு முடிந்தது என்று யாவரும் மகிழ்ந்திருக்க, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஜுரம் காணும். காயம் வீங்கிச் சிவக்கும். சீழ் பிடித்து நாறும். நஞ்சு இரத்தத்திற் பரவ, நோயாளி இறப்பான்.

இதற்குக் காரணம் அறியாதார் அதனைக் கெட்ட காற்றின் செய்கையென்றனர். சிலவகைச் சீழ் காயம் ஆறுவதற்கு நல்ல அடையாளம் என்றும் பலர் நம்பினர். இரத்தக்கறை படிந்த பழைய அங்கியை அணிந்துகொண்டே வைத்தியர்கள் சிகிச்சை செய்தனர். ஒரு நோயாளியின் புண்ணைத் துடைத்த பஞ்சே அடுத்த நோயாளிக்கும் பயன்பட்டது. கைகளைச் சிகிச்சைக்குப் பின் கழுவினார்களேயன்றி, அதற்கு முன் கழுவவேண்டுமென்று எண்ணினவர் மிகச் சிலரே. வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஸெம்மல்வைஸ் என்னும் வைத்தியர் 1847-ல் மாணவர்களைக் குளோரின் கலந்த நீரிற் கை கழுவச் செய்து, பிள்ளை பெற்ற தாய்மாரின் மரணத்தை வெகுவாய்க் குறைத்துக் காட்டினார். உலகம் அவர் சொல்லைச் செவிமடுக்கவில்லை. அவர் மனம் நொந்து 1865-ல் மாண்டார்.

லிஸ்டர் 1860-ல் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ரண சிகிச்சை ஆசிரியராக நியமிக்கப்பெற்று, அடுத்த ஆண்டில் அந்நகரத்து ராயல் ஆஸ்பத்திரியிற் சிகிச்சை செய்யும் பொறுப்பையும் ஏற்றார். அவரிடம் ஒப்புவிக்கப்பட்ட கட்டிடம் புதியது. எனினும் மரணம் அங்கேயும் குறையவில்லை. 1849-ஆம் ஆண்டின் வாந்திபேதியில் இறந்தவர்களின் சவப்பெட்டிகள் அதன் சுவரோரத்திலேயே, நிலத்தின் மேற்பரப்பிற்குச் சில அங்குலங்களின் கீழ் அடுக்கப்பட்டிருந்தமை பின்னர்ப் புலனாயிற்று. 1864-ஆம், 1866-ஆம் ஆண்டுகளில் அவர் அவயவம் வெட்டிய 35 பேரில் 16 பேர் மாண்டனர். சிகிச்சையில் தேர்ந்த கை அவருடையது. அத்தேர்ச்சி நோயாளியைக் காக்கப் போதவில்லை. ஏனையோர் இதனை விதியென்று அமைந்திருக்க, லிஸ்டர் மட்டும் அமைதி கொள்ளவில்லை.

உண்மை விளங்கியது

ஒரு சிறு வேறுபாடு அவரது சிந்தையை நெடுநாள் வருத்திற்று. எலும்பு உள்ளே பல துண்டுகளாய் நொறுங்கினும், மேற்றோல் கிழியாதிருக்குமாயின் சீழின்றிக் குணமடைகின்றது. அற்ப முறிவேயாயினும் தோல் கிழிந்துவிடின் அழுகுகின்றது. ஆகவே கேடு வெளியிலிருந்தே வருகின்றதென்பது தெளிவு. அக்கேடு காற்றேயென்றால், விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்த, மார்பினுள்ளே காற்றுப் புகுந்தவிடத்தும் அழுகல் நேராததேன்?

1865-ஆம் ஆண்டிலே, கிளாஸ்கோவில் ரசாயன சாஸ்திர ஆசிரியராயிருந்த தாமஸ் ஆண்டர்ஸன், பிரெஞ்சு தேசத்து லூயி பாஸ்டர் வெளியிட்ட ஆராய்ச்சிகளை லிஸ்டருக்கு எடுத்துக் காட்டினார். திராட்சரசம் புளிப்பதும் பால் திரிவதும் இறைச்சி அழுகுவதும் காற்றினால் அல்ல, காற்றில் மிதந்து வரும் நுண்ணிய உயிர்களினால் என்பதைப் பாஸ்டர் நிரூபித்திருந்தார். லிஸ்டரின் ஐயங்கள் யாவும் ஒருங்கே தீர்ந்தன. நுரையீரல் வழியே செல்லுங் காற்று வடிகட்டப்பட்டுச் செல்கின்றது. கிழிந்த தோலின் வழியே செல்வதோ கிருமிகளைத் தாங்கிச் செல்கின்றது.

பாஸ்டர் கிருமிகளை நெருப்பினால் கொன்றார். மனிதனது சதையைக் காய்ச்ச இயலாதே! தசையை மிகக் கெடுக்காமற் கிருமியை அழிக்கும் மருந்தொன்று வேண்டியிருந்தது. கார்லைல் என்னும் ஊரில் சாக்கடைக் கழிவின் துர்நாற்றத்தை ஒழிக்கக் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்துகின்றனர் என்னுஞ் செய்தி அவர் செவிக்கு எட்டியது. நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்படும் அவ்வமிலத்தின் நெடியை நாமும் கார்பாலிக் சவுக்காரத்தினால் அறிவோம். அதனையே காயத்திற்கு இட்டுப் பார்க்கத் துணிந்தார்.

மார்ச்சு மாதத்திற் செய்த முதற் சோதனை தோல்வியுற்றது. லிஸ்டர் குற்றத்தைத் தம்முடைய செய்முறையிலே தேடினாரேயன்றித் தம் கொள்கையைக் கைவிடவில்லை. 1865-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 12-ஆம் நாள், ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் பதினொரு வயதுச் சிறுவன் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சக்கரம் ஏறியதால் அவனது இடக்கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. லிஸ்டர் அக்காயத்தின்மேல் கார்பாலிக் அமிலத்தில் தோய்ந்த துணியை இட்டு, சிம்பு வைத்துக் கட்டினார். நான்கு நாட்கள் கட்டை அவிழ்க்கவில்லை. ஐந்தாம் நாள் முதலியன அழுகலுக்குரிய நாட்கள் என்பதை அனுபவத்தில் அறிந்தவராதலின், கட்டை அவிழ்த்தபோது அவரது நெஞ்சம் எவ்வாறு துடித்திருக்குமென்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். சீழ் இல்லை, நாற்றம் இல்லை. மருந்தின் காரத்தால் தோல் சிறிது சிவந்திருந்தது, அவ்வளவே. ஆறு வாரங்களுக்குப் பின் எலும்பு கூடிற்று. சிறுவன் இரண்டு கால்களுடன் நடந்து சென்றான்.

அம்முறையிற் பதினொரு முறிவுகளுக்குச் சிகிச்சை செய்து, 1867-ல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். பதினொருவரில் ஒருவர் இறந்தார். ஒருவர் காலை இழந்தார். ஏனைய ஒன்பதின்மரும் அவயவம் குறையாது பிழைத்தனர். தோல்விகளையும் அவர் மறைக்கவில்லை. 1867 முதல் 1869 வரையில் அவர் அவயவம் வெட்டிய 40 பேரில் இறந்தவர் 6 பேரே. முன்னர் ஏறக்குறைய இரண்டு பேருக்கு ஒருவராக இருந்த மரணம், ஏழு பேருக்கு ஒருவர் என்னும் அளவிற்குத் தாழ்ந்தது.

தமக்கையாரின் சிகிச்சை

அவ்வருஷத்திலேயே லிஸ்டரின் கொள்கைக்கு ஒரு கடுஞ்சோதனை வாய்த்தது. அவருடைய தமக்கையாராகிய இஸபெல்லா அம்மையாருக்கு மார்பிற் புற்றுநோய் கண்டது. சிகிச்சையால் பயனில்லை என்று வேறு வைத்தியர்கள் தயங்கினர். கட்டியை அகற்றினும் அப்பெரிய காயம் அழுகுமென்பதே யாவரும் அறிந்தது. லிஸ்டர் எடின்பரோவுக்குச் சென்று தம் மாமனாரோடு ஆலோசித்தார். இறுதியில் 1867-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், தம் இல்லத்திலே, உணவுண்ணும் மேசையின்மீது தமக்கையாரைக் கிடத்தித் தாமே சிகிச்சை செய்தார். கார்பாலிக் அமிலத்தின் காவலில் அக்காயம் அழுகாமல் ஆறிற்று. அம்மையார் மேலும் மூன்று ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். பிறருடைய உடம்பிற் சோதித்த முறையைத் தம் உடன்பிறப்பின் உடம்பிலும் நம்பிக் கையாண்டமை, அவரது உள்ளத்தின் நேர்மைக்குச் சான்றாகும்.

எதிர்ப்பும் வெற்றியும்

புதிய உண்மைக்கு எதிர்ப்பு எழுதல் உலக இயற்கை. கண்ணிற் காணாத உயிர்களைக் கற்பனை செய்து கூறுகின்றார் என்று சிலர் நகைத்தனர். கார்பாலிக் அமிலத்தைப் பிறர் முன்னரே கையாண்டுள்ளனர் என்று சிலர் குறை கூறினர். தாம் புகழ வந்தது அமிலத்தையன்று, கிருமியைத் தடுக்கும் நெறியையே என்று லிஸ்டர் பொறுமையோடு மீண்டும் மீண்டும் விளக்கினார்.

1869-ல் மாமனாருக்குப் பின் எடின்பரோவில் அவருடைய ஆசனத்தை ஏற்றார். 1871-ல் விக்டோரியா மகாராணியாருக்கு அக்குளில் உண்டான கட்டியைக் கீறிச் சிகிச்சை செய்து, ரப்பர் குழாயொன்றை வைத்துச் சீழை வடித்தார். ஜெர்மனி தேசத்தில் போல்க்மன் முதலியோர் அவர் முறையை ஏற்று, இறப்பு மலிந்திருந்த தங்கள் ஆஸ்பத்திரிகளைச் சீர்ப்படுத்தினர். லண்டன் மாநகரமோ இன்னும் அசையவில்லை. அதனை வெல்லவேண்டி 1877-ல் கிங்ஸ் கலாசாலைக்கு வந்தார். எடின்பரோவில் நூற்றுக்கணக்கான மாணவர் சூழ இருந்தவருக்கு, லண்டனில் ஒரு சிலரே செவி கொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், முறிந்த முழங்காற் சில்லைத் திறந்து வெள்ளிக் கம்பியாற் பிணைத்தார். தோல் கிழியாத முறிவைக் கத்தியால் திறத்தல் அந்நாளிற் கொலைக்கு ஒப்பானதென்று கருதப்பட்டது. காயம் சீழின்றி ஆறவே, லண்டன் வைத்தியர்களின் மனம் மெல்லத் திரும்பிற்று.

இவ்விடத்து அவரது குணநலம் ஒன்றைச் சிறப்பாகக் குறித்தல் வேண்டும். 1871 முதல் சிகிச்சை செய்யுமிடமெங்கும் கார்பாலிக் நீரைப் புகைபோல் தெளிக்கும் கருவியொன்றை அவர் கையாண்டு வந்தார். அது வைத்தியரின் கண்ணையும் கையையும் எரித்தது. காற்றிலுள்ள கிருமிகளினும் கையிலும் கருவியிலும் துணியிலும் உள்ளவையே பெருங்கேடு செய்வன என்பது பின்னர்த் தெளிந்தவுடன், அவர் அக்கருவியைக் கைவிட்டார். 1890-ல் பெர்லினிற் கூடிய சர்வதேச வைத்தியர் மகாநாட்டிலே தாம் அதனைப் பரிந்துரைத்தமைக்கு வருந்துவதாகவும் வெளிப்படையாய் ஒப்புக்கொண்டார். நீராவியினாற் கருவிகளைச் சுத்தி செய்யும் முறையை ஜெர்மானியர் வகுத்தனர். இக்காலத்துச் சிகிச்சைக்கூடங்களின் தூய்மை அதன் வழி வந்ததே.

பட்டங்களும் இறுதியும்

பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1883-ல் பாரனெட் பட்டமும், 1897-ல் பிரபுப் பட்டமும் பெற்றார். 1895 முதல் 1900 வரை ராயல் சொஸைட்டியின் தலைவராக வீற்றிருந்தார். 1892-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் பாரிஸ் நகரில் பாஸ்டரின் எழுபதாம் ஆண்டு நிறைவு விழா நடந்தபோது, லிஸ்டர் நேரிற் சென்று அவரைப் போற்றினார். தளர்ந்திருந்த பாஸ்டர் எழுந்து அவரைத் தழுவிக்கொண்டார். தம் வெற்றிக்கு மூலகாரணம் பாஸ்டரே என்பதை லிஸ்டர் ஒருகாலும் மறந்தாரில்லை.

1893-ல் இத்தாலியிற் பிரயாணம் செய்கையில் ஆக்னஸ் அம்மையார் நுரையீரற் சுரத்தால் இறந்தார். அதன் பின்னர் லிஸ்டரின் வாழ்க்கையில் மகிழ்ச்சி குன்றிற்று. 1912-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 10-ஆம் நாள், கெண்ட் மாகாணத்து வால்மரில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அரசர்களும் அறிஞர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்யப் பலர் விரும்பினர். அவரோ தம் மனைவியாரின் பக்கத்திலேயே கிடக்க விரும்பியிருந்தாராதலின், ஹாம்ப்ஸ்டெட் மயானத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் விட்டுச்சென்ற நெறி

லிஸ்டரின் கார்பாலிக் அமிலம் இன்று காயங்களுக்கு இடப்படுவதில்லை. ஆயினும் அவரது நெறி அழியவில்லை. வேறு மருந்துகளில் உயிர்பெற்று வளர்ந்துள்ளது. 1871-ஆம் ஆண்டிலேயே, பெனிஸிலியம் என்னும் பூஞ்சை படர்ந்த திரவத்திற் கிருமிகள் செழிக்காமையை அவர் கண்டு குறித்துவைத்திருந்தார். அக்குறிப்பின் முழுப்பொருள் அந்நாளில் விளங்கவில்லை. 1928-ல் பிளெமிங் பெனிஸிலினைக் கண்டறிந்தார். 1940-ஐ ஒட்டி பிளோரி, செயின் முதலியோர் அதனை மருந்தாக்கினர். ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் காலம் பிறந்தது.

புதிய மருந்து கிடைத்ததும் வைத்தியர்கள் அதனைச் சிகிச்சை முடிந்த பின்னரே பல நாட்கள் கொடுத்து வந்தனர். பயன் ஒரே தன்மையாய் இருக்கவில்லை. இதன் காரணத்தை ஆராய்ந்தோர் லிஸ்டரின் பெயர் தாங்கிய நிலையத்திலேயே தோன்றியது பொருத்தமே. லண்டனில் 1891-ல் நிறுவப்பெற்று, 1903 முதல் லிஸ்டர் நிலையம் என வழங்கிய நோய்த்தடுப்பு ஆராய்ச்சிசாலையில், ஆஷ்லி மைல்ஸ் என்பாரும் அவருடன் உழைத்த அமெரிக்க வைத்தியர் ஜான் பர்க் என்பாரும், கிருமி தசையிற் புகுந்த முதற் சில மணி நேரமே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றதென்று 1957-ல் காட்டினர். பின்னர்ப் பர்க் 1961-ல் கினிப் பன்றிகளின் தோலிற் கிருமிகளைச் செலுத்திச் சோதித்தார். கிருமி புகுமுன்னரே மருந்து இரத்தத்தில் இருந்தால் புண் மிகச் சிறிதாயிற்று. மூன்று மணி நேரங்கழித்துக் கொடுத்த மருந்தோ பயன்படவில்லை.

மனிதரிடத்தும் அவ்வாறே என்பதை அமெரிக்காவில் ஸால்ட் லேக் நகரத்தில் கிளாஸன் முதலியோர் 1992-ல் வெளியிட்டனர். அவர்கள் 2,847 நோயாளிகளை ஆராய்ந்தனர். கத்தி படுவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 6 பேருக்கே காயம் சீழ்ப்பட்டது. அதற்கும் வெகு முன்னர்ப் பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 38 பேருக்கும், சிகிச்சை தொடங்கி மூன்று மணிக்குப் பின்னர்ப் பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 33 பேருக்கும் அக்கேடு நேர்ந்தது. மருந்து ஒன்றே, பொழுதுதான் வேறு. வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்று நம் முன்னோர் கூறுவதன் உண்மை இங்கே எண்களால் விளங்குகின்றது. அணையை அதிக முன்னதாகக் கட்டி அது கரைந்துபோக விடுதலும், வெள்ளம் வந்த பின் மண் சுமத்தலும் ஒன்றே.

ஆதலின் உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ல் வெளியிட்ட ரண சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், முந்திய 60 நிமிஷத்துக்குள் மருந்து கொடுத்தாயிற்றா என்னும் கேள்வி இடம்பெற்றது. 2016-ல் வெளியான அதன் நெறிமுறை, மருந்தின் தன்மையை அறிந்து கத்தி படுவதற்கு முன் 120 நிமிஷத்துக்குள் கொடுக்கவேண்டுமென்றும், சிகிச்சை முடிந்த பின் தடுப்புக்கென்று அதனை நீட்டிக்கலாகாதென்றும் விதிக்கின்றது. நோயாளி முன்னதாகவே குளிக்கவேண்டுமென்பதும், கூரிய சவரக்கத்தியால் மயிரை வழிக்கலாகாதென்பதும் அதிற் கண்ட பிற விதிகள். சவரக்கத்தி தோலிற் செய்யும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிருமிக்கு வாயிலாகுமன்றோ! வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் பிரசவ சிகிச்சையிலும், கத்தி படுமுன்னரே தாய்க்கு ஒரு வேளை மருந்து கொடுத்தல் இக்காலத்து விதியாகும். ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியிற் பிறந்து வளர்ந்த நம்மவர் பலர்க்கு இச்செய்தி அந்நியமானதன்று. ஸெம்மல்வைஸ் கண்ணீர் வடித்த தாய்மாரின் மரணத்தைத் தடுக்கும் காவல்களில் இதுவும் ஒன்று.

நமது கடமை

காவலுக்கும் ஓர் அளவுண்டு. எல்லாச் சிகிச்சைக்கும் இம்மருந்து வேண்டுவதன்று. தேவையின்றியும், நாள் கணக்கில் நீட்டியும், வைத்தியரைக் கேளாமற் கடையில் வாங்கியும் உண்ணுவதனால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாகப் பழகிக்கொள்கின்றன. இவ்வாபத்தை உணர்ந்து இந்திய வைத்திய சங்கத்தினர் பலர் 2012-ல் நமது சென்னையிலேயே கூடி, ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் கட்டற்ற விற்பனையையும் உபயோகத்தையும் தடுக்க வழி வகுத்து, சென்னைப் பிரகடனம் என்னும் அறிக்கையை வெளியிட்டனர். இம்மருந்துகள் பயனற்றுப்போகுமாயின், எண்ணூரில் கால் முறிந்த தொழிலாளி மீண்டும் 1864-ஆம் ஆண்டின் கிளாஸ்கோ நோயாளியின் நிலைக்கே திரும்பவேண்டியவனாவான். அவனது காலுக்காக மட்டுமன்றி, அவன் வீட்டு அடுப்புக்காகவும் நாம் அஞ்சவேண்டும்.

மருந்து எவ்வளவு வலியதாயினும், கழுவாத கைக்கும் சுத்தமற்ற கருவிக்கும் அது பரிகாரமாகாது. இதனை லிஸ்டர் இன்றிருப்பின் முதலில் வற்புறுத்துவார் என்பதில் ஐயமில்லை. நம் கலாசாலையிலிருந்து வைத்தியத் துறைக்குச் செல்லும் மாணவர் உளர். தாதியராகச் செல்லும் மாணவிகள் உளர். ஏனையோரும் என்றேனும் ஒருநாள் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ ஆஸ்பத்திரியின் வாயிலில் நிற்கவேண்டியவரே. கத்தி எடுப்பதற்கு முன்னரே காவல் வைத்தல், காவலுக்குரிய பொழுதைத் தவறவிடாமை, வேண்டாதவிடத்து மருந்தை வீணாக்காமை, தம் முறையிற் குற்றங் காணின் அதனை ஒளியாமற் களைதல் ஆகிய இவற்றை லிஸ்டர் பிரபுவின் சரித்திரத்திலிருந்து கற்றுக்கொள்வோமாக. தான் அறியாத ஒருவரால் இரண்டு கால்களும் தனக்கு நிலைத்தன என்பதை உணராமலே, ராயபுரத்து வீதியில் இன்று நடந்து செல்லும் ஒவ்வொரு தொழிலாளியும் அவருக்கு எழுப்பப்பட்ட உயிருள்ள ஞாபகச் சின்னமேயாவான்.